முகத்துக்குப் போடும் ஊசி: எது எங்கே வேலை செய்கிறது?

"அது பாம்பு விசமாம் ரீச்சர். முகத்திலை ஏத்தினா சுருக்கம் போயிடுமாம்." போன மாதம் பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருந்த ஓர் அம்மா சொன்னது இது. ரொறன்ரோவில் இருந்து வந்த அவருடைய மச்சாளுக்கு 58 வயதாம், நெற்றியில் ஒரு கோடு கூட இல்லையாம். அதற்கு யாரோ கொடுத்த விளக்கம்தான் பாம்பு விசம். அதே கிழமை எங்கள் ஆசிரியர் அறையில் இதே கதை வந்தபோது ஒருவர் "பிளாஸ்ரிக் சேர்ஜரி" என்றார். வகுப்பில் ஒரு பிள்ளையோ "அது வெள்ளையாக்கிற ஊசிதானே மிஸ்?" என்று கேட்டாள். மூன்று பேரும் பேசியது பொடொக்ஸ் என்ற ஒரே மருந்தைப் பற்றி. மூன்றும் பிழை.

நான் வைத்தியர் இல்லை; உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். இந்த விசயத்தில் பிழையான விளக்கம் வெறும் வம்போடு நின்றுவிடுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். என்ன செய்கிறார்கள் என்று தெரியாமலே போய்க் கதிரையில் இருந்து முகத்தைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நம் ஊரிலும் கூடிக்கொண்டு வருகிறார்கள்.

முதலில் ஒரு சொல். கத்தி வைத்துத் தோலை வெட்டாமல், ஊசியாலோ மருந்தாலோ ஒளியாலோ முகத்தை இளமையாக்கும் முறைகளுக்குக் குறைந்த ஊடுருவல் சிகிச்சை என்று பெயர். முழு மயக்க மருந்து தேவையில்லை. பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். காதோரம் வெட்டி, உள்ளே இருக்கும் இழையங்களை இழுத்துத் தைக்கிற சத்திரசிகிச்சை வேறு. ஆசிரியர் அறையில் சொன்ன "பிளாஸ்ரிக் சேர்ஜரி" அதுதான். இந்தக் கட்டுரை கத்தி இல்லாத பக்கத்தைப் பற்றியது.

தோலும் கிடுகு வேலியும்

கிடுகு வேலி இப்போது அருகிவிட்டது. மதிலும் தகரமும் வந்துவிட்டன. ஆனாலும் வேலி அடைத்த வளவில் வளர்ந்தவர்களுக்குத் தோலை விளங்கப்படுத்த அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வெளியே தெரிவது கிடுகு. வெய்யிலிலும் மழையிலும் உக்கும், நாங்கள் மாற்றிக் கட்டுவோம். மேல்தோலும் அப்படித்தான். அடியில் புதுக் கலங்கள் உண்டாகி மேலே வந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர்ந்து போகின்றன. முகத்தில் இதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

கிடுகைத் தாங்கி நிற்பது கதியாலும் கட்டும். தோலில் அந்த வேலை உட்தோலுக்கு. அங்கே கொலாஜன் என்ற புரத நார்கள் கதியால் மாதிரி உறுதி கொடுக்கின்றன. எலாஸ்டின் என்ற இன்னொரு வகை நார், இழுத்து விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பி வருகிற தன்மையைக் கொடுக்கிறது. கன்னத்தை விரலால் கிள்ளி விட்டால் அது திரும்பிப் போய் இருப்பது எலாஸ்டினால். இதற்கும் கீழே, வேலியடியில் அணைத்த மண் மாதிரி, கொழுப்பும் எலும்பும்.

வயது போகப் போக எல்லாத் தட்டிலும் மாற்றம் வருகிறது. இருபதுகளைத் தாண்டியபின் தோலின் கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் வீதம் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகான முதல் 5 ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுகிறது. "ஒரே வருசத்திலை முகம் விழுந்திட்டுது" என்று ஐம்பது தாண்டிய பெண்கள் சொல்வது மனப்பிரமை இல்லை. கன்னத்துக் கொழுப்பு வற்றிக் கீழே இறங்குகிறது. முக எலும்பும் கொஞ்சம் தேய்கிறது. கண்குழி அகலமாகும், தாடை குறுகும். மண் அணை கரைந்தால் மேலே எவ்வளவு புதுக் கிடுகு கட்டினாலும் வேலி நேராக நிற்காது.

இதோடு வெய்யில் சேர்கிறது. யாழ்ப்பாணத்தில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு தடவை நேரே உச்சந்தலைக்கு மேல் வரும்: சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு தடவை, ஓகஸ்ட் கடைசியில், நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டி இன்னொரு தடவை. சூரிய ஒளியில் உள்ள புறஊதாக் கதிர்களில் ஏ வகை, கண்ணாடி யன்னலையும் ஊடுருவி வந்து உட்தோலின் நார்களைச் சிதைக்கும். 2012 இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்த படத்தை நான் வகுப்பில் காட்டுவது வழக்கம். 28 ஆண்டுகள் லொறி ஓட்டிய 69 வயது மனிதர் ஒருவருடைய முகம் அது. அங்கே சாரதி இடப்பக்கம் இருப்பதால் யன்னல் வெய்யில் இடக் கன்னத்தில் விழுந்திருக்கிறது. வலக் கன்னத்தைப் பார்த்தால் ஒரு சாதாரண மனிதர். இடக் கன்னம் மட்டும் மடிப்பு மடிப்பாக, அவருடைய அப்பாவின் முகத்தில் இருந்து வெட்டி ஒட்டியது மாதிரி. பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

இதுவரை சொன்னது: முகம் வயதாவதில் மேல்தோல், உட்தோல் நார்கள், அடியில் உள்ள கொழுப்பும் எலும்பும் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பங்கு உண்டு. நான்காவது ஆள் ஒருவர் இருக்கிறார்: தசை. அவரைப் பிடிக்கக் கண்ணாடி வேண்டும்.

கண்ணாடி முன்னால் ஒரு நிமிசம்

பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, ஊசியில் நூல் கோர்க்கும்போது சுருக்குவது மாதிரிப் புருவத்தைச் சுருக்குங்கள். புருவங்களுக்கு நடுவில் இரண்டு நிமிர்ந்த கோடு விழும். இப்போது முகத்தைத் தளர விடுங்கள். கோடு முழுதாக மறைந்தால் அது அசைவுச் சுருக்கம். தளர்ந்த பிறகும் மெல்லிய கீறலாக நின்றால் அது நிலைத்த சுருக்கம். நேற்று மடித்து வைத்த சேலையை ஒரு தடவை விரித்தால் மடிப்பு போய்விடும். அதே மடிப்பில் பத்து வருசம் அலுமாரியில் இருந்த கூறைச் சேலையை விரித்துப் பாருங்கள், மடிப்புத் தடம் போகாது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றில்லை.

பொடொக்ஸ்: ஆட்டை அவிழ்த்து விடுவது

வேலியில் ஓர் ஆட்டைக் கட்டி விட்டால் அது ஒரே இடத்தைத் தினமும் இழுத்துக்கொண்டிருக்கும். வேலி அந்த இடத்தில் வளையும். முகத்தில் அந்த ஆடுதான் தோலுக்கு அடியில் இருக்கும் தசை. பொடொக்ஸ் வேலியைத் தொடுவதில்லை. ஆட்டைக் கொஞ்சக் காலத்துக்கு அவிழ்த்து விடுகிறது.

எப்படி என்று பார்ப்போம். தசை தானாகச் சுருங்காது. நரம்பு நுனியில் இருந்து அசெற்றைல்கோலின் என்ற இரசாயனம் சுரந்து தசையைத் தொட வேண்டும். அதுதான் "சுருங்கு" என்ற கட்டளை. போட்டுலினம் நச்சு நரம்பு நுனிக்குள் புகுந்து அந்த இரசாயனம் வெளியே வருவதைத் தடுக்கிறது. கட்டளை வராததால் தசை சும்மா கிடக்கிறது. பொடொக்ஸ் என்பது இந்த மருந்தின் ஒரு வணிகப் பெயர். ஊரெல்லாம் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பாம்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதைச் சுரப்பது ஒரு பக்டீரியா. 1820களில் ஜேர்மன் வைத்தியர் யுஸ்டினுஸ் கேர்னர், பழுதான இறைச்சிக் குழல் உணவு சாப்பிட்டவர்களுக்குக் கண் இமை விழுந்து, விழுங்க முடியாமல், மூச்சு அடங்கிப் போவதை விரிவாக எழுதி வைத்தார். காரணம் இந்த நச்சுத்தான். உடம்பெல்லாம் பரவினால் கொல்லும். அதே நச்சை மிக மிகச் சிறிய அளவில், ஒரே தசைக்குள் போட்டால் அந்தத் தசை மட்டும் ஓய்கிறது. மாறுகண்ணைத் திருத்தவும் கட்டுப்பாடில்லாமல் மூடித் திறக்கும் கண் இமைக்கும் 1989 இல் அமெரிக்காவில் இது அனுமதி பெற்றது. வன்கூவரில் கண் வைத்தியரான ஜீன் கருதர்ஸ், இமைக்கு ஊசி போட்ட நோயாளிகளின் புருவச் சுருக்கமும் மறைவதைக் கவனித்தார். தோல் வைத்தியரான கணவர் அலஸ்ரெயருடன் சேர்ந்து 1992 இல் அதை வெளியிட்டார். அழகுக்கான அனுமதி அமெரிக்காவில் 2002 இல் வந்தது. அதாவது இது முதலில் ஒரு நோய் மருந்து.

போட்ட உடனே ஒன்றும் தெரியாது. 3 முதல் 5 நாளில் தொடங்கி, 2 கிழமையில் முழுப் பலன் தெரியும். 3, 4 மாதத்தில் நரம்பு நுனி மீண்டும் வேலைக்கு வந்துவிடும். ஆகவே ஊருக்கு வந்து நிற்கும் ஒருவருடைய நெற்றி ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்கிறது என்றால் அவர் திரும்பப் போட்டிருக்கிறார். நிறுத்தினால் முகம் முன்னையைவிட மோசமாகும் என்பது பிழையான பயம். பழையபடி ஆகும், அவ்வளவுதான்.

எங்கே பிழைக்கும்? மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் கண் இமை ஒரு பக்கம் தொங்கும். சில கிழமைகளில் தானாகச் சரியாகும், ஆனால் அதுவரை வெளியே போக மனம் வராது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். தசைக்களைப்பு நோய் உள்ளவர்கள் கிட்டவே போகக் கூடாது. இன்னொன்று: மருந்து பெரும்பாலும் தூளாக வரும், உப்புநீரில் கரைத்துத்தான் போடுவார்கள், பொடொக்ஸ் குப்பியைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில், யாரோ பயணப்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்த குப்பியை நான் நம்ப மாட்டேன்.

பில்லர்: மண் அணைப்பது

கன்னம் ஒட்டி, மூக்கோரத்தில் இருந்து வாயோரம் வரை ஒரு வாய்க்கால் ஓடினால் அங்கே ஆடு குற்றவாளி இல்லை. மண் கரைந்துவிட்டது. அங்கே பொடொக்ஸ் போட்டால் பயனில்லை, சிரிப்புக் கோணலாகலாம். குறைந்த இடத்தில் கனவளவை நிரப்பும் பசைக்குப் பில்லர் என்று பெயர்.

அதிகம் பாவிப்பது ஹையலுரோனிக் அமிலம். "அமிலம்" என்றதும் பயப்பட வேண்டாம். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயற்கையாக இருக்கும் பொருள் இது. 1934 இல் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழில் இருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். பலூடாவுக்குப் போடும் கசகசாவைத் தண்ணீரில் ஊற வைத்திருப்பீர்கள். கடுகளவு விதை, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வழுவழுப்பான கூழ் உருண்டை. தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் அந்தக் குணம்தான் இதற்கும். இயற்கையான வடிவத்தில் தோலுக்குள் போட்டால் ஓரிரு நாளில் கரைந்துவிடும் என்பதால், அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியாக்குகிறார்கள். அப்படிச் செய்தது இடத்தையும் வகையையும் பொறுத்து 6 முதல் 18 மாதம் நிற்கும்.

ஒரு ஊசிக்குழலில் 1 மில்லிலீற்றர்தான் இருக்கும். ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தச் சொட்டு சரியான இடத்தில் இருந்தால் கன்னத்தின் நிழலே மாறும். கூடிப் போனால்தான் நாம் படங்களில் பார்க்கிற அந்த ஊதிய முகம்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பில்லரின் ஆபத்தைத்தான். முகத்தின் இரத்தக் குழாய்கள் வேலிக்கொடி மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சிலது கண்ணுக்குப் போகும் நாடியோடு தொடுக்கப்பட்டவை. பசை தவறிக் குழாய்க்குள் போனால் அது அடைக்கும். அந்தக் குழாய் ஊட்டும் தோல் செத்துப் போகலாம். கண்ணின் நாடி அடைபட்டால் பார்வை போகலாம். மூக்கும் புருவ நடுவும் மிக ஆபத்தான இடங்கள். அரிதுதான், ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. ஊசி போடும்போதே தோல் வெளிறினால், கடும் வலி வந்தால், பிறகு வலைமாதிரி நீலத் தடம் தெரிந்தால், பார்வை மங்கினால் "நாளைக்குச் சரியாகும்" என்று வீட்டில் இருக்கக் கூடாது. ஹையலுரோனிடேஸ் என்ற நொதியம் இந்தப் பசையைக் கரைக்கும். அதை அந்த நேரமே போட வேண்டும். பில்லர் போடுகிற இடத்தில் அந்த மருந்து கைவசம் இல்லையென்றால், அங்கே பில்லர் போடக் கூடாது.

மறுபடி ஒரு தடவை: அசைவால் வரும் கோட்டுக்குப் பொடொக்ஸ், பள்ளத்துக்குப் பில்லர். முன்னது தசையை ஓய வைக்கிறது, பின்னது இடத்தை நிரப்புகிறது. இரண்டும் நிறத்தை மாற்றாது.

உரிப்பதும் சுடுவதும், எங்கள் நிறமும்

கிடுகை மாற்றுகிற வேலை இரசாயன உரிப்பு. ஊரில் "பீல்" என்பார்கள். கிளைக்கோலிக் அமிலம் போன்ற ஒன்றைத் தடவி மேல்தோலின் பழைய தட்டைக் கழற்றினால் அடியில் இருந்து புதுத் தோல் வரும். எவ்வளவு ஆழம் போகிறது என்பதே எல்லாம். மேலோட்டமாகப் போனால் மங்கலும் சிறு புள்ளியும் குறையும். ஆழமாகப் போனால் அது புண்.

லேசர் என்பது ஒரே அலைநீள ஒளி. தோலில் எது அந்த ஒளியை உறிஞ்சுகிறதோ அது சூடாகும். கறுப்புக் குடையும் வெள்ளைக் குடையும் ஒரே வெய்யிலில் ஒரே மாதிரிச் சுடாது அல்லவா? எங்கள் தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் ஒளியை நன்றாக உறிஞ்சும். வெள்ளைத் தோலுக்கு அளவெடுத்த சக்தியை எங்கள் முகத்தில் பாய்ச்சினால், அது போக வேண்டிய இடத்துக்குப் போக முன்னமே மேல்தோலில் நின்று சுடும்.

தோமஸ் பிற்ஸ்பற்றிக் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் 1975 இல் தோல் வெய்யிலில் எரிகிறதா கறுக்கிறதா என்பதை வைத்து வகை பிரித்தார்; பின்னர் அது ஆறு வகையானது. எங்களில் பெரும்பாலோர் 4, 5, சிலர் 6. இந்தத் தோலுக்கு ஒரு பெரிய நன்மை, சுருக்கம் பிந்தித்தான் வரும். ஒரு பெரிய கரைச்சல், எந்தக் காயத்துக்கும் கறுப்பாகப் பதில் சொல்லும். பரு நோண்டிய இடம் மாதக் கணக்கில் கறுப்பாக இருப்பது அதனால்தான். சூடு, அமிலம், உரசல் எது பட்டாலும் மெலனின் கலங்கள் உசாராகி அளவுக்கு மிஞ்சி நிறத்தைக் கொட்டும். இதற்கு அழற்சிக்குப் பிந்திய கருமை என்று பெயர். வெளிநாட்டு வீடியோவில் ஒருத்தி பீல் செய்து ஐந்தாம் நாள் மினுங்குகிறாள் என்பதற்காக எங்களுக்கும் அதுவே நடக்கும் என்று இல்லை.

என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்கு இதுதான் நடந்தது. கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்க, பெயர் ஒட்டாத ஒரு போத்தலில் இருந்து முகத்தில் பூசியிருக்கிறார்கள். எரியுது என்று சொன்னபோது "எரிஞ்சாத்தான் வேலை செய்யுது" என்றார்களாம். என்ன அமிலம், எத்தனை சதவீதம் என்று பூசியவருக்கே தெரியாது. நான்காம் நாள் அவளைப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் தோசைக்கல்லில் பிடித்த மாதிரி மண்ணிறத் தடம். சால்வையால் மூடிக்கொண்டுதான் வாசலுக்கு வந்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கொதிக்கிறது.

மிச்ச மூன்று

நுண்ணூசி: மயிர் போன்ற பல ஊசிகளால் தோலில் சிறு துளைகள் போடுவது. செம்மண்ணைக் கொத்தி விட்டால் பயிர் தளிர்க்கிற மாதிரி, சிறு காயத்தை ஆற்றப்போகிற உடம்பு புதுக் கொலாஜனை உண்டாக்கும். ஒரு தடவையில் தெரியாது, பல அமர்வு வேண்டும்.

பிளாஸ்மா ஊசி: உங்கள் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, குருதிச் சிறுதட்டுகள் செறிந்த பகுதியைத் திரும்பப் போடுவது. ஆளுக்கு ஆள் பலன் வேறுபடும்.

நூல்: தையலுக்குப் பாவிக்கும் அதே கரையும் நூலைத் தோலுக்கடியில் செலுத்தி, சரிந்த வேலிக்கு இழுவைக் கயிறு கட்டுகிற மாதிரித் தூக்குவது. நூல் ஏறத்தாழ 6 மாதத்தில் கரையும். தொய்வு கூடினவர்களுக்கு இது சத்திரசிகிச்சைக்கு ஈடாகாது.

காயம்பட்ட இடத்தில் தடித்துப் புடைக்கும் தழும்பு வருகிற உடம்புக்காரர் இந்த மூன்றுக்கும் முன்னால் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வெள்ளையாக்குவது இதில் சேராது

வகுப்புப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். நிறத்தை வெளுப்பாக்க நாளத்தில் ஏற்றும் குளுற்றதயோன் ஊசி இளமைச் சிகிச்சை இல்லை. அதிக அளவில் இதை இப்படி ஏற்றுவது ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் தீங்கு செய்யலாம் என்று பிலிப்பைன்ஸ் மருந்து அதிகாரசபை 2011 இல் எச்சரித்தது. லேபல் இல்லாத டப்பாவில் வரும் வெள்ளைக் கிறீம்களில் பாதரசமோ வலுவான ஸ்ரீரொயிட்டோ இருக்கலாம். முன்னது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பின்னது தோலை மெலிதாக்கிச் சிவப்பு இரத்தக் குழாய்கள் தெரிய வைக்கும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். கதியாலைக் கறையான் அரிக்க விட்டு வேலிக்குச் சுண்ணாம்பு பூசுகிற வேலை இது. பிள்ளைகளே, எங்கள் நிறத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை. மருந்து தேவையில்லை.

கதிரையில் இருக்க முன்னம்

ஊசி போடுகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுள்ள வைத்தியரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மருந்தின் பெயர், காலாவதித் திகதி, எத்தனை அலகு அல்லது எத்தனை மில்லிலீற்றர் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். பொடொக்ஸ் வகை மருந்துகளில் ஒரு கம்பனியின் அலகும் இன்னொன்றின் அலகும் சமம் இல்லை. அடுத்த முறை வேறிடம் போனால் அந்தத் துண்டுதான் உதவும். குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். பிழைத்தால் யாரிடம், எந்த இலக்கத்துக்கு, இரவிலும் கதைக்கலாம் என்று கேளுங்கள். கலியாணமோ திருவிழாவோ இருந்தால் கடைசிக் கிழமையில் எதையும் தொடாதீர்கள். புதிதாகச் செய்பவர்கள் இரண்டு மூன்று மாதம் முன்னமே தொடங்கட்டும்.

இதற்கு முன்னால் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு: வெய்யிலைத் தடுப்பது. குடை, தொப்பி, காலையிலும் வெளியில் நிற்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும் சன்ஸ்கிறீன். இது இல்லாமல் லேசரும் பீலும் செய்வது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போல. பஸ்ஸில் பேசிய அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன். "குடைக்கு இவ்வளவு விசயம் இருக்கோ" என்றார்.

அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் குறித்த நாளிலேயே நடந்தது, தடித்த மேக்கப்போடு. பிறகு தோல் வைத்திய நிபுணர் ஒருவரிடம் போய், மருந்துக் கிறீமும் சன்ஸ்கிறீனும் விடாமல் பூசுகிறாள். இப்போது ஏழாவது மாதம். நேற்றுச் சந்தையில் கண்டேன். வலக் கன்னம் தெளிந்துவிட்டது. இடப்பக்கம் காதோரத்தில் மட்டும் இரண்டு ரூபாய்க் குத்தி அளவில் ஒரு மங்கல் இருக்கிறது. விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனாள்.